எலிக்குப் பயம், மருந்துக்கு ஆபத்து

தாராவியோ மாதுங்காவோ செம்பூரோ, மும்பைவாசிகளுக்கு எலி என்றாலே எதிரிதான். இரவில் தடியும் டார்ச்சுமாக எலி அடிப்பதற்கென்றே மாநகராட்சி ஆட்களை வைத்ததுண்டு. ஆனால் இந்த நகரம் எலிகளுக்குக் கடன்பட்டும் இருக்கிறது. 1896-ல் பிளேக் மும்பையைத் தாக்கியது. எலிகளின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் அதைப் பரப்புகிறது என்பதை உறுதிசெய்தவை, 1905-க்குப் பிறகு பரேல் ஆய்வகத்தில் நடந்த சோதனைகள். இன்றைய ஹாஃப்கின் நிலையம்தான் அது. அந்தச் சோதனைகளில் எலிகளும் கினிப்பன்றிகளும் பலியாயின.

சோதனைப் பிராணிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு மெதுவாகத்தான் வந்தது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்துவிட்டாலும் சோதனைகளுக்கான விரிவான விதிகள் பிறந்தது 1998-ல். அதன்படி ஆய்வகங்கள் பதிவுசெய்துகொள்ள வேண்டும். நாய், குரங்கு போன்ற பெரிய பிராணிகள் மீதான சோதனைக்கு மத்திய கமிட்டியின் அனுமதி தேவை. எலிகளுக்கோ அந்தந்த நிறுவனத்தின் நெறிமுறைக் கமிட்டியே போதும். அதில் வெளி ஆட்களும் விஞ்ஞானி அல்லாத ஒருவரும் இடம்பெற வேண்டும் என்பதுதான் ஒரே ஆறுதல்.

இது வெறும் ஜீவகாருண்யப் பிரச்சினை அல்ல. எலி கூட்டமாக வாழும் பிராணி. தனியாக அடைத்தாலோ முரட்டுத்தனமாகக் கையாண்டாலோ மிரளும். மிரண்டால் ரத்தத்தில் ஹார்மோன்கள் ஏறி, சோதனை முடிவே மாறிவிடலாம். ஆண்களின் வாசனை பட்டாலே எலிகள் பதற்றமடைவதையும், வலியை வெளிக்காட்டுவது குறைவதையும் கனடா விஞ்ஞானிகள் 2014-ல் கண்டறிந்தனர். வலி மாத்திரையைச் சோதிப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

அந்த மாத்திரையை நாளை விழுங்கப்போவது மனிதர்கள். கமிட்டிகள் கூண்டை எட்டிப் பார்ப்பது எலிகளுக்காக மட்டுமல்ல.