ஒரே ரக விமானம், வெவ்வேறு தலையெழுத்து

புனே லோஹேகாவில் வந்து இறங்குகிற ஐ.டி. ஊழியர்களில் பலர், அது விமானப்படையின் ஓடுபாதை என்பதைக் கவனிப்பதில்லை. இன்று சுகோய் போர் விமானங்கள் உறுமிக் கிளம்பும் அந்தத் தளத்தில், அரை நூற்றாண்டுக்கு முன் 35-வது ஸ்குவாட்ரனின் கான்பெரா குண்டுவீச்சு விமானங்கள் நின்றன. 1971 டிசம்பர் போரில் கராச்சியைத் தாக்கியவற்றில் அவையும் உண்டு. நேர்கோட்டில் அளந்தால் புனேயிலிருந்து கராச்சி ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். இருட்டில் போய், குண்டு வீசிவிட்டு, இருட்டிலேயே திரும்ப வேண்டும்.

போன கான்பெராக்கள் எல்லாம் திரும்பவில்லை. 1965, 1971 ஆகிய இரண்டு போர்களிலும் வெவ்வேறு தளங்களைச் சேர்ந்த கான்பெராக்களை இந்தியா இழந்தது. அவற்றில் பறந்தவர்களின் கதையைத் தேடிப் படித்தால், உயிர் பிழைப்பது வீரத்தையோ அதிர்ஷ்டத்தையோ மட்டும் பொறுத்ததாக இருக்கவில்லை என்பது புரிகிறது. யார் எந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தார் என்பதும் அதைத் தீர்மானித்தது.

இருவருக்கு ஒரு இருக்கை

கான்பெரா பிரிட்டனின் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத் தயாரிப்பு. முதலில் பறந்தது 1949 மே 13 அன்று. 1957-ல் இந்தியா அதை வாங்க ஒப்பந்தம் போட்டது. வந்தவற்றில் பெரும்பாலானவை பி(ஐ)58 என்ற ரகம். இரண்டு ஜெட் இன்ஜின்கள், இரண்டே பேர்: ஒரு பைலட், ஒரு நேவிகேட்டர்.

தாழப் பறக்கும்போது பைலட்டுக்கு நாலாபுறமும் தெரிய வேண்டும் என்பதற்காக, அவரை இடப்பக்கமாக ஒதுக்கி, போர் விமானத்தில் இருப்பதுபோன்ற ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள். அவருக்கு எஜெக்‌ஷன் சீட் உண்டு. ஆபத்து என்றால் கைப்பிடியை இழுத்தால் போதும், இருக்கையோடு வெளியே தூக்கி எறியப்படுவார். நேவிகேட்டரின் இடம் விமானத்தின் மூக்குப் பகுதி. வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வதும், குண்டு வீசும் நேரத்தில் மூக்கின் கண்ணாடி வழியே குப்புறப் படுத்துக் குறிபார்ப்பதும் அவர் வேலை. அந்த இடுக்கில் எஜெக்‌ஷன் சீட் வைக்க வழியில்லை. விமானத்தில் தீப்பிடித்தால் அவர் பாராசூட்டை நெஞ்சில் மாட்டிக்கொண்டு, தவழ்ந்து பின்னால் வந்து, வலப்பக்கக் கதவைத் திறந்து குதிக்க வேண்டும். விமானம் நிலைகுலைந்து சுழலும்போது அது எத்தனை பேருக்குச் சாத்தியம்?

1965 செப்டம்பர் 21 அதிகாலை இதற்கு விடை கிடைத்தது. குண்டு வீசிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கான்பெராவை, ஃபாஸில்கா எல்லைப் பகுதியில் ஏறத்தாழ 33,000 அடி உயரத்தில், பாகிஸ்தானின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் ஏவுகணையால் வீழ்த்தியது. அந்த ஸ்டார்ஃபைட்டரை ஓட்டியவர் ஸ்குவாட்ரன் லீடர் ஜமால் கான். இந்திய பைலட் ஃப்ளைட் லெப்டினன்ட் மன்மோகன் லோவ் எஜெக்ட் ஆகித் தப்பினார். போர்க்கைதியாகப் பிடிபட்டுப் பின்னர் தாயகம் திரும்பினார். நேவிகேட்டரான ஃப்ளையிங் ஆபீஸர் கபூர் மாண்டுபோனார்.

எதிரியிடமும் அதே விமானம்

பாகிஸ்தானிடம் இருந்த பி-57 குண்டுவீச்சு விமானமும் கான்பெராதான். அதே வடிவமைப்புக்கு அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் உரிமம் வாங்கித் தயாரித்தது. ஆனால் அமெரிக்கர்கள் உள்ளே ஒரு மாற்றம் செய்தார்கள். பைலட்டையும் நேவிகேட்டரையும் ஒரே கண்ணாடிக் கூண்டுக்குள் முன்னும் பின்னுமாக உட்கார வைத்து, இருவருக்கும் எஜெக்‌ஷன் சீட் கொடுத்தார்கள்.

அந்த மாற்றம் உயிர் காத்தது. 1965 செப்டம்பர் நடுவில் ஆதம்பூர் தளத்தைத் தாக்க வந்த ஒரு பி-57-ஐ இந்திய விமான எதிர்ப்பு பீரங்கிகள் சுட்டு வீழ்த்தின. அதிலிருந்த அல்தாஃப் ஷேக், பஷீர் சௌத்ரி இருவருமே எஜெக்ட் ஆகி, இந்தியாவிடம் பிடிபட்டார்கள். இருக்கை இருந்தாலே பிழைத்துவிடலாம் என்றும் சொல்லிவிட முடியாது. அதே போரின் தொடக்கத்தில் ஜாம்நகரைத் தாக்க வந்த பி-57 தரையில் விழுந்து, ஷபீர் ஆலம் சித்திக்கி, அஸ்லம் குரேஷி இருவரும் இறந்தார்கள். ஆனாலும் ஆதம்பூரில் வீழ்ந்த விமானத்தின் நேவிகேட்டருக்குக் கிடைத்த வாய்ப்பு, ஒரு வாரம் கழித்து ஃபாஸில்கா வானில் கபூருக்குக் கிடைக்கவில்லை.

செத்தாரா, இருக்கிறாரா?

மரணத்தைவிடக் கொடுமையானது, என்ன ஆனார் என்றே தெரியாமல் போவது. 1971 போரில் காணாமல் போய், பாகிஸ்தான் சிறைகளில் இருக்கக்கூடும் என்று நம்பப்பட்ட 54 இந்திய வீரர்களின் பட்டியலில் கான்பெரா பிரிவைச் சேர்ந்த சஸூன், அத்வானி ஆகிய இருவரின் பெயர்களும் இருக்கின்றன. 1979-ல் 40 பேரின் பெயர்களை அரசு மக்களவையில் வெளியிட்டது. 1983-ல் சில குடும்பத்தினர் முல்தான் சிறைவரை போய் வந்தனர். 2007-ல் 14 உறவினர்கள் பாகிஸ்தான் சிறைகளைப் பார்வையிட்டனர். அப்படி யாரும் தங்களிடம் இல்லை என்பதே அந்நாட்டின் பதில். கணவர் திரும்பி வருவார் என்று காத்திருந்த மனைவிமாருக்கும், மகன் முகம் காணாமலே கண்மூடிய பெற்றோருக்கும் அந்தப் பதில் எந்த விதத்தில் ஆறுதல்?

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். முடியும் என்பதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. 1944 ஜனவரி 25 அன்று குன்மிங்கிலிருந்து அஸ்ஸாமின் சாபுவாவுக்குப் பறந்த ‘ஹாட் ஆஸ் ஹெல்’ என்ற அமெரிக்க பி-24 லிபரேட்டர், அருணாசலப் பிரதேச மலைகளில் எட்டுப் பேரோடு விழுந்து நொறுங்கியது. அந்த அமெரிக்க விமானத்தின் சிதைவுகள் 2006-ல் கண்டுபிடிக்கப்பட்டன. அங்கிருந்து எடுத்த மனித எச்சங்கள் 2016 ஏப்ரலில் டெல்லியில் ராணுவ மரியாதையுடன் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றிலிருந்து ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற அதிகாரி அடையாளம் காணப்பட்டு, 2017-ல் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள தன் சொந்த ஊர் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார். விமானம் விழுந்து 73 ஆண்டுகள் கழித்து!

பிற நாட்டு வீரருக்காக இமயமலைச் சரிவில் நடந்த அந்த வேலை, பஞ்சாபின் சமவெளியிலும் சிந்துவிலும் நடக்காது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. எந்த இரவில், எந்த இடத்தில், எந்த விமானத்தை வீழ்த்தினோம் என்பதை விமானப்படைகள் குறித்துவைப்பது வழக்கம். சிறைக்கதவுகளைத் திறந்துகாட்டுவதோடு நிற்காமல், விமானங்கள் விழுந்த இடங்களையும் அங்கே புதைக்கப்பட்டவர்களின் விவரங்களையும் டெல்லியும் இஸ்லாமாபாத்தும் பரிமாறிக்கொள்ள வேண்டும். இதற்கு எல்லைக்கோட்டை மாற்ற வேண்டியதில்லை, எந்த உரிமையையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கான்பெராக்களுக்கு 2007-லேயே இந்திய விமானப்படை விடைகொடுத்துவிட்டது. அவற்றில் போய்த் திரும்பாதவர்களின் கோப்பை மூடும் கடமை இன்னும் பாக்கி இருக்கிறது.