எலும்பில் விழும் வரிக்குதிரைக் கோடுகள்

டயப்பர் மாற்றக் காலைத் தூக்கினாலே தொடை எலும்பு முறிந்துவிடும் குழந்தைகள் இருக்கிறார்கள். ‘ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்பெக்டா’ என்னும் இந்தப் பிறவிக் கோளாறு, சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்துக்கான மரபணுவில்தான் பிழை. விஷயம் தெரியாமல், கால்சியத்துக்காகப் பாலும் கேழ்வரகும் கொடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. கம்பி சரியில்லாத தூணில் சிமென்ட்டைக் கூட்டி என்ன பயன்?

மான்ட்ரியலில் 30 குழந்தைகள்

கனடாவின் மான்ட்ரியல் நகரில் உள்ள ஷ்ரைனர்ஸ் மருத்துவமனையில், பிரான்சிஸ் குளோரியோ குழுவினர் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 30 குழந்தைகளுக்கு பாமிட்ரோனேட் மருந்தை ரத்தநாளம் வழியே ஏற்றினார்கள். 1998-ல் வெளியான அந்த ஆய்வின்படி, முதுகெலும்பின் அடர்த்தி ஆண்டுக்குச் சராசரியாக 42 சதவீதம் கூடியது, முறிவுகள் குறைந்தன. நாள்பட்ட வலியும் களைப்பும் வெகுவாகத் தணிந்தன என்று எல்லாக் குழந்தைகளுமே சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத இன்னொரு குழு இல்லை என்பது அந்த ஆய்வின் குறை. ஆனாலும் சிகிச்சையின் போக்கையே மாற்றியது அதுதான்.

இடிப்பவர்களை அடக்கும் மருந்து

நம் எலும்பு ஒருபக்கம் இடிக்கப்பட்டு மறுபக்கம் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பாமிட்ரோனேட் போன்ற பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகள் இடிக்கும் செல்களை மட்டுப்படுத்துகின்றன. கட்டும் வேலை முந்திக்கொள்ள, எலும்பு தடிக்கிறது. மரபணுப் பிழை அப்படியேதான் இருக்கும்.

மருந்து ஏறிய குழந்தையின் முழங்கால் எக்ஸ்ரேயில் மருந்தின் வேலையைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூட்டுக்கு அருகே, ஒன்றன்கீழ் ஒன்றாக வெள்ளைக் கோடுகள். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு கோடு. குழந்தை வளர வளரப் பழைய கோடுகள் மூட்டைவிட்டு விலகிப் போகும். மருத்துவர்கள் வைத்த பெயர் ‘வரிக்குதிரைக் கோடுகள்’.

மருந்து ஏறும் நாளில்

பாமிட்ரோனேட் என்றால் வழக்கமாக மூன்று நாள், நாளுக்குச் சில மணி நேரம். அதே வகையைச் சேர்ந்த ஜோலெட்ரோனிக் அமிலம் என்றால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் தவணைக்குப் பின் காய்ச்சலும் உடம்புவலியும் வருவது சகஜம், ஓரிரு நாளில் தணியும். ரத்தத்தில் கால்சியம் இறங்கக்கூடும் என்பதால், அதையும் வைட்டமின் டி அளவையும் முன்பே பார்த்துக்கொள்கிறார்கள்.

எலும்பு அடர்த்தி கூடுகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. முறிவு எந்த அளவு குறைகிறது என்பதில் அப்படி இல்லை. அதனால்தான் வளைந்த காலுக்குள் கம்பி பொருத்தும் அறுவை சிகிச்சையும் பிசியோதெரபியும் கூடவே தொடர்கின்றன. மருந்து தொடங்கிய பிறகும், டயப்பர் மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. இடுப்புக்கு அடியில் உள்ளங்கையை விரித்துக் கொடுத்து, மெல்ல ஏந்த வேண்டும்.