கல்லான மரமும் லடாக்கின் புதரும்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டருக்கும் மேல். கடல் இந்தப் பகுதி வரை பரவியிருந்த காலத்தில் நீரோடு வந்து சேற்றில் புதைந்த மரம் இது. வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்கிறது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. 1940இல் இதை உலகுக்குச் சொன்னவர் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன். பூக்கும் மரங்கள் பெருகுவதற்கு முந்தைய ஊசியிலை வகை. விதையைக் கனிக்குள் மூடி வைக்காத இனம்.

அந்த இனத்தின் விசித்திரமான உறவு ஒன்று லடாக்கிலும் ஸ்பிதியிலும் இன்றும் உயிரோடிருக்கிறது. பெயர் எபிட்ரா. மழை அரிதான, குளிர் நடுக்கும் மலைச்சரிவுகளில், கற்களுக்கிடையே ஒட்டி வளரும் குட்டைப் புதர். தூரத்தில் பார்த்தால் பச்சைத் துடைப்பக் கட்டுதான். குனிந்து பார்த்தால் தண்டெல்லாம் கணுக்கள். கணுவுக்குக் கணு செதில் போல் ஒட்டியிருப்பவைதாம் இலைகள். இலை சிறுத்ததால் நீரிழப்பு குறைவு. உணவு சமைக்கும் வேலையைப் பச்சைத் தண்டே பார்த்துக்கொள்கிறது. எவ்வளவு அருமையான ஏற்பாடு!

ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில் விதையைச் சுற்றிய செதில்கள் சதைப்பற்றோடு சிவந்து, பழம் போலவே தோன்றும். ஆனால் அது பழமன்று. ஆஸ்துமா மருந்தாகப் புகழ்பெற்ற எபிட்ரின், 1885இல் ஜப்பானில் இந்தப் பேரினச் செடியிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. லடாக்கில் விறகு கிடைப்பது அரிது என்பதால், அங்குள்ளவர்கள் இந்தப் புதரை வெட்டி அடுப்பெரிக்கவும் செய்கிறார்கள்.