நியூட்டனை நம்பிய விளையாட்டு

மாடுகள் நின்றால் வண்டி நிற்கிறது. துடுப்புப் போடுவதை விட்டால் ஓடம் கொஞ்ச தூரம் வழுக்கிச் சென்று அடங்கிவிடுகிறது. சைக்கிளை மிதிப்பதை நிறுத்தியவன் அடுத்த தெருமுனைக்குள் காலை ஊன்றிக்கொள்ள நேர்கிறது. பிறந்தது முதல் இதையே பார்த்துப் பழகியதனால், ஓட்டுவது ஒன்று இல்லையானால் எப்பொருளும் தானே நின்றுவிடும் என்று நம் உடம்பே நம்பிவிட்டது. அது பூமியின் விசேஷமேயன்றிப் பொருள்களின் சுபாவம் அன்று என்பதையும், மண்ணின் உராய்வும் நீரின் எதிர்ப்பும் காற்றின் தடையும் இல்லாத இடத்தில் ஒரு தடவை தள்ளிவிட்ட பொருள், வேறொரு விசை குறுக்கிடும் வரையில், அதே வேகத்தில் அதே திசையில் போய்க்கொண்டே இருக்கும் என்பதையும் 1687-இல் வெளியான தம்முடைய மகா கிரந்தத்தில் ஐசக் நியூட்டன் முதல் விதியாகவே வைத்தார். பள்ளிக்கூடத்தில் அந்த விதியை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள். அதை உடம்பால் உணர்ந்தவர்கள் விண்வெளிக்குப் போய்வந்த சில நூறு பேர். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கூட்டமும் உண்டு. 1993-இல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ‘ஃபிரான்டியர்: எலீட் 2’ என்னும் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆகாயக் கப்பலைச் செலுத்தி, சேரவேண்டிய கிரகத்தையும் தாண்டி லட்சம் மைல் அப்பால் போய், எஞ்சினை அணைத்த பிறகும் கப்பல் ஏன் நிற்கவில்லை என்று திகைத்தவர்களே அவர்கள்.

பெயரே சொல்வதுபோல, இது ஓர் இரண்டாம் பாகம். மூத்ததாகிய ‘எலீட்’, கேம்பிரிட்ஜில் மாணவர்களாயிருந்த டேவிட் பிராபென், இயன் பெல் என்னும் இரு இளைஞர்கள் எழுதி, 1984 செப்டம்பரில் பிபிசி மைக்ரோ என்ற சிறு கம்ப்யூட்டருக்காக வெளியானது. அந்த யந்திரத்தின் ஞாபகசக்தி மொத்தம் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் பிடிக்கும் ஒரு புகைப்படத்துக்குக் கூட அதைப்போல் பல மடங்கு இடம் வேண்டும். விளையாடுகிறவனுக்கு ஒரு ‘கோப்ரா’க் கப்பலும் நூறு கிரெடிட் பணமும் கொடுத்து, ‘இனி உன் பாடு’ என்று பிரபஞ்சத்தில் விட்டுவிடுவதுதான் அதன் திட்டம். அவன் வியாபாரம் செய்யலாம், கொள்ளையடிக்கலாம், கொள்ளைக்காரரை வேட்டையாடலாம். சண்டையில் வீழ்த்திய எதிரிகளின் கணக்கு ஏற ஏற, ‘தீங்கற்றவன்’ என்ற பரிதாபமான பட்டத்திலிருந்து ‘எலீட்’ என்ற உச்சப் பட்டம் வரையில் அவனுடைய அந்தஸ்தும் ஏறும்.

அந்த 32 கிலோபைட்டுக்குள் எட்டு நக்ஷத்திர மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 நக்ஷத்திரங்கள், ஆக 2048 ஊர்கள், பெயரோடும் குணத்தோடும் விலைவாசியோடும் எப்படி அடங்கின என்பதைச் சற்று நின்று பார்ப்பது தகும். அவை எங்கும் எழுதிவைக்கப்படவே இல்லை. மூன்று எண்கள் மட்டுமே விதையாக வைக்கப்பட்டிருந்தன. மூன்றையும் கூட்டினால் நான்காவது எண் வருகிறது. முதல் எண்ணைத் தள்ளிவிட்டுப் புதியதைக் கடைசியில் சேர்த்து மறுபடியும் கூட்டினால் ஐந்தாவது வருகிறது. இப்படியே போய்க்கொண்டிருக்கும் எண்களின் இலக்கங்களைப் பிரித்து, இது ஊரின் இடம், இது அதன் அரசாங்கம், இது அதன் செல்வநிலை என்று பொருள் கொள்கிறது கம்ப்யூட்டர். பெயர்களும் அப்படியே, முப்பதுக்குச் சற்று மேற்பட்ட ஈரெழுத்துத் துண்டுகளை அந்த எண்கள் சொல்லும் வரிசையில் ஒட்டிவைக்க, லேவ் என்றும் டிசோ என்றும் ரீட்க்வாட் என்றும், அயல்நாட்டுப் புராணத்தில் வருவனபோன்ற பெயர்கள் பிறக்கின்றன. ஆலம் விதைக்குள் மரத்தின் படம் இல்லை, மரமாகும் முறை இருக்கிறது என்று சொன்னால் இந்த உபாயத்தின் மர்மம் விளங்கிவிடும். ஒரே விதையை எப்போது நட்டாலும் இலை மாறாமல் அதே மரம் முளைப்பதால், ஆட்டக்காரன் விட்டுப் போன ஊர் அவன் திரும்பி வரும்போது அதே இடத்தில் அதே பெயரோடு காத்திருக்கிறது. இந்த முறையால் 281 லட்சம் கோடி மண்டலங்களைச் சிருஷ்டிக்க முடியும் என்று ஆசிரியர்கள் கண்டு, அத்தனையும் கொடுக்கவே விரும்பினார்கள். அவ்வளவு கொடுத்தால் எல்லாம் ஒரே அச்சு என்பது வெளிப்பட்டுவிடும் என்று பதிப்பாளர்கள் தடுத்து எட்டோடு நிறுத்தியது புத்திசாலித்தனமான காரியம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அந்த முதல் விளையாட்டில் ஓடிய கப்பல்கள் விண்வெளிக் கப்பல்கள் என்று பெயரளவில் சொல்லத்தக்கவையே. மூக்கு எந்தத் திசையில் திரும்புகிறதோ அந்தத் திசையிலேயே அவை சென்றன. அவற்றுக்கு ஓர் உச்ச வேகம் உண்டு. வேகத்தைக் குறைத்தால் குறைந்தன. இவை காற்றில் பறக்கும் விமானத்தின் லக்ஷணங்கள். 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஆகாய யுத்தக் காட்சிகளுக்கு இரண்டாம் உலக மகா யுத்தத்து விமானச் சண்டைப் படச்சுருள்களே மாதிரியாக அமைந்தன என்பதையும், அந்தப் படம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு விண்வெளிப் போர் என்றாலே எதிரியின் வாலைப் பிடித்துச் சுற்றிச் சுற்றித் துரத்துவது என்று மனத்தில் பதிந்துவிட்டதையும் நினைத்தால், இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பொய்யாயினும் அது மிக இன்பமான பொய்.

அடுத்த பாகத்தைப் பிராபென் எழுதி முடிக்க ஒன்பது வருஷமாயிற்று. இந்தத் தடவை அவர் கற்பனை மண்டலங்களை விட்டு நம்முடைய பால்வீதியையே எடுத்துக்கொண்டார். நக்ஷத்திரங்கள் எங்கே அடர்த்தி, எங்கே அருகல் என்று காட்டும் சிறிய வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு பழைய விதை முறையால் மற்றவற்றை முளைக்கவைத்து, சூரியனுக்கு அண்டையிலுள்ள சிரியஸ், ராஸ் 154 முதலிய நிஜ நக்ஷத்திரங்களை அவற்றுக்குரிய இடத்தில் வைத்தார். குறைந்தது பதினாயிரம் கோடி நக்ஷத்திரங்கள் கொண்டதென்று வானநூலார் மதிப்பிடும் மண்டலம், அமிகா கம்ப்யூட்டரின் 880 கிலோபைட் பிளாப்பி ஒன்றிலே அடங்கிவிட்டது! கிரகங்கள் தத்தம் பாதையில் சுற்றின. தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு பகலும் இரவும் உண்டாக்கின. ஆகாயத்தில் புள்ளியாகத் தெரிந்த கிரகத்தை நோக்கிச் சென்றால், அது உருண்டையாகிப் பின் நிலமாகி, மலையும் துறைமுகமுமாக விரிந்து, அதன்மேல் கப்பலை இறக்கவும் முடிந்தது. இவற்றையெல்லாம் செய்தவர், கப்பல்களையும் நியூட்டனிடமே ஒப்படைத்துவிட்டார்.

அதன் விளைவைச் சிறிது கணக்குப் போட்டால்தான் உணரலாம். இந்த விளையாட்டின் கப்பல்கள், பூமியின் ஈர்ப்பு ஒரு பொருளை விழச்செய்யும் வேக வளர்ச்சியைப்போல் பத்து மடங்கு, இருபது மடங்கு வளர்ச்சியோடு விரையவல்லவை. (அவற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதன் கூழாகாமல் இருப்பதெப்படி என்ற கேள்வியை ஆசிரியர் நாசூக்காக விட்டுவிட்டார்.) பத்து மடங்கு என்றே கொள்வோம். பாதி வழி வரையில் எஞ்சினை முழுமையாக ஓட்டி, நடுவழியில் கப்பலைப் புறங்காட்டித் திருப்பி, மீதிப் பாதியும் அதே விசையால் வேகத்தைத் தணித்துக்கொண்டு போனால், 3,84,400 கிலோமீட்டரில் உள்ள சந்திரனை அறுபத்தாறு நிமிஷத்தில் அடையலாம். அப்போலோ வீரர்களுக்குச் சுமார் மூன்று நாள் பிடித்த பிரயாணம் இது. பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தூரத்தை அதே முறையில் கடக்க ஏறக்குறைய இருபத்திரண்டு மணி ஆகும். நடுவழியில் கப்பலின் வேகம் வினாடிக்கு 3,800 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். திரும்பவேண்டிய கணத்தைச் சில நிமிஷம் தவறவிட்டவன் கிரகத்தின் பக்கவாட்டில் மின்னலெனப் பாய்ந்து மறைவான். பிறகு நிற்பதற்கு ஒரு பயணம், திரும்பி வருவதற்கு இன்னொரு பயணம். இருபத்திரண்டு மணி நேரம் யாரும் திரையின்முன் உட்கார்ந்திருக்க மாட்டார்களாதலால், காலத்தைப் பல மடங்கு விரைவாக ஓட்டும் ‘ஸ்டார்டிரீமர்’ என்ற கருவியும், திருப்பும் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ-பைலட்டும் வைக்கப்பட்டன. பின்னது சில சமயம் கிரகத்திலேயே மோதிக் கப்பலைச் சாம்பலாக்கியதும் உண்டு.

இனி யுத்தத்துக்கு வருவோம். இரண்டாம் பாகத்தைப் பற்றிய வழக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது. எதிரெதிராக வரும் இரண்டு கப்பல்களின் சார்பு வேகம் வினாடிக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்து மடங்கு விசையில் பதினேழு நிமிஷம் ஓடிய கப்பலுக்கு இது சாதாரண வேகம். ஆயுதம் பத்துக் கிலோமீட்டர் எட்டும் என்றால், எதிரி அந்த எல்லைக்குள் நுழைந்து, நம்மைக் கடந்து, எல்லைக்கு வெளியே போய்விட ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கே ஆகும். கண் கண்டதைக் கை செய்யவே மனிதனுக்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் வேண்டும்! ஆகவே சண்டை என்பது, தூரத்தில் ஒரு புள்ளி, ஒரு மின்வெட்டு, பின்னால் மறைந்துபோன ஒரு புள்ளி என்றாயிற்று. அப்புறம் இருவரும் திரும்பி, வேகத்தைக் கொன்று, மறுபடி நெருங்கி, மறுபடி கடந்துபோக வேண்டும். ஈட்டி ஏந்திக் குதிரைமேல் எதிரெதிரே பாய்ந்த ஐரோப்பிய வீரர்களின் பந்தயத்தோடு இதை ஒப்பிட்டு ஆட்டக்காரர்கள் குறைகூறினார்கள். குதிரை வீரனுக்கு இலக்கைப் பார்க்கவாவது அவகாசம் இருந்தது. பழகியவர்கள் கண்ட வழி ஒன்று உண்டு. எதிரியின் திசையிலேயே தாமும் எஞ்சினை ஓட்டி, வேகத்தை அவனுடைய வேகத்தோடு சமப்படுத்திக்கொண்டால், அவன் நமக்கு அசையாமல் நிற்பவன்போலத் தோன்றுவான். எதிரியைச் சுடுவதற்கு முன் அவனோடு ஒத்துப்போக வேண்டியிருப்பது வேடிக்கையே. ஆனால் விண்வெளியில் இரு கலங்களை இணைக்கும் நிஜ விஞ்ஞானிகள் செய்வதும் இதுவே.

நியூட்டனை வைத்துக்கொண்டு நல்ல சண்டை விளையாட்டே செய்ய முடியாது என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பி.டி.பி-1 என்ற யந்திரத்தில் செய்த ‘ஸ்பேஸ்வார்’ இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டன். அதிலும் தள்ளிய கப்பல் தள்ளிய வழியே போயிற்று. ஆனால் அங்கே போர்க்களம் ஒரு திரையளவே. நடுவில் ஒரு நக்ஷத்திரம் இருந்து இரு கப்பல்களையும் தன்பால் இழுத்துக்கொண்டிருந்ததனால், ஓடினவன் தப்ப முடியாமல் வளைந்து வளைந்து எதிரியின் கண்ணெதிரே வந்து சேர்ந்தான். பிராபென் விதியை மட்டும் எடுத்துக்கொண்டு வேலியை எடுத்துவிட்டார். எல்லையற்ற வெளியில் எல்லையற்ற வேகத்தை அநுமதித்தபின், இருவர் சந்திப்பதே தற்செயலாகிவிடுகிறது.

ஆகையால், போர் விளையாட்டு என்ற அளவில் தம்பி அண்ணனுக்கு ஈடில்லை என்று சொல்லிவிடுகிறேன். பணம் சேர்த்துப் பெரிய கப்பல் வாங்கிக் கவசங்களை அடுக்கிக்கொண்டவனுக்கு எதிரியே இல்லாமற் போவதும், பயணிகளையும் சரக்கையும் ஏற்றி இறக்கும் தொழில் சில வாரத்தில் குமாஸ்தா வேலைபோல் ஆகிவிடுவதும் வேறு குறைகள். ஆனால் தூரம் என்பதை இவ்வளவு உண்மையாக உணர்த்திய விளையாட்டை நான் அறியேன். எஞ்சினை அணைத்துவிட்டு, சனி கிரகத்தின் பக்கமாகக் கப்பலை மிதக்கவிட்டு, காலத்தை விரைவாக்கிவிட்டு உட்கார்ந்திருந்தால், யாரும் யாரையும் சுடாமலே பொழுது போய்விடும். இதை அடுத்து 1995-இல் வந்த மூன்றாம் பாகம் முற்றுப்பெறாமலே வெளியிடப்பட்டுப் பிழைகளுக்காகவே பேர்பெற்றது; அதை விட்டுவிடலாம்.

ரசிகர்களிடம் பணம் திரட்டி, 2014 டிசம்பரில் வெளியிட்ட ‘எலீட் டேஞ்சரஸ்’ என்ற நான்காம் பாகத்தில் பிராபெனுடைய கூட்டத்தார் பழைய வழக்கைச் சமரசத்தில் முடித்தார்கள். நக்ஷத்திரங்கள் நாற்பதாயிரம் கோடி. கிரகத்துக்குக் கிரகம் தாவ, நியூட்டனுக்குச் சம்பந்தமில்லாத தனி வேகம். சண்டையிலோ கப்பலுக்கு மறுபடியும் உச்ச வரம்பு உண்டு, மூக்குத் திரும்பிய பக்கம் கப்பலும் திரும்பும், எதிரியின் வாலைப் பிடித்துச் சுற்றலாம். இந்த உதவி வேண்டாதவர்களுக்கு அதை அணைத்துவிட ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால், முன்னோக்கிப் போய்க்கொண்டே கப்பல் பின்புறம் திரும்பித் துரத்தி வருபவனைச் சுடும். ஆனால் வரம்பு மட்டும் போகாது. அந்தப் பொத்தானை அழுத்தியே விளையாடுவதைப் பெருமையாகக் கொண்டவர்கள் உண்டு. அவர்களும் முதல் நாள் விண்வெளி நிலையத்தின் வாசலில் பக்கவாட்டாக வழுக்கிச் சென்று சுவரில் மோதியவர்கள்தாம்.