இயந்திரப் பம்பியும் மாற்று இதயமும்

மாணவர்களே, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வசிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கீழ்த்தாங்கியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் மோட்டர் பழுதாகிவிட்டால் ஐந்தாம் மாடிக் குழாயில் ஒரு சொட்டும் வராது. தண்ணீரும் உண்டு, குழாயும் உண்டு. மேலே தள்ளுவதற்கு வலு இல்லை, அவ்வளவுதான். இதயச் செயலிழப்பு என்னும் நோயும் ஏறத்தாழ இப்படிப்பட்டதே. இதயம் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருளல்ல. மாரடைப்பினாலோ, வைரசுத் தொற்றினாலோ, பரம்பரைக் குறைபாட்டினாலோ இதயத் தசை நலிவடைந்து, உடலுக்குத் தேவையான அளவு குருதியைத் தள்ள முடியாமற் போவதையே அவ்வாறு கூறுகிறோம்.

இதயம் செய்யும் வேலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லீற்றர் குருதியை வெளியேற்றுகிறது. ஒரு நாளைக்கு 7200 லீற்றர்! மொட்டைமாடியில் வைக்கும் 1000 லீற்றர்த் தாங்கிகள் ஏழை நிரப்பினாலும் மிச்சம் இருக்கும். இந்த வேலையின் பெரும்பங்கு இடது இதயவறைக்கு உரியது. அதன் சுவர் ஏனைய அறைகளின் சுவர்களைவிடத் தடிப்பாக இருப்பதன் காரணத்தை விஞ்ஞானப் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

மோட்டர் நலிந்தால் அதைக் கழற்றாமல், பக்கத்தில் இன்னொரு சிறிய மோட்டரைப் பொருத்தி உதவச் செய்யலாம் அல்லவா? இடது இதயவறைக்கான உதவிப் பம்பியின் தத்துவம் இதுவே. பம்பி, இடது இதயவறையின் அடிமுனையில் இருந்து குருதியை இழுத்து, ஒரு குழாய் வழியாகத் தொகுதிப் பெருநாடிக்குள் செலுத்துகிறது. நோயாளியின் சொந்த இதயம் அகற்றப்படுவதில்லை. முற்காலத்துக் கருவிகள் இவ்வளவு வசதியானவை அல்ல. 1982இல் அமெரிக்காவில் ஜார்விக் 7 என்னும் முழுச் செயற்கை இதயம் பொருத்தப்பட்ட பல் வைத்தியர் ஒருவர் 112 நாள் வாழ்ந்தார். ஆனால் அந்த நாள் முழுவதும் ஒரு பெரிய காற்றழுத்தப் பொறியுடன் குழாய்களால் பிணைக்கப்பட்டிருந்தார். இன்று பயன்படும் ஹார்ட்மேட் 3 உள்ளங்கையில் அடங்கும். அதன் சுழலி எதிலும் முட்டாமல் காந்தப் புலத்தில் மிதந்தபடி நிமிடத்திற்கு 5000 தடவைக்கு மேல் சுழல்கிறது.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. இதயம் துடித்துத் துடித்துத் தள்ளுகிறது. இந்தப் பம்பியோ ஓயாமல் சுழன்று தள்ளுகிறது. ஆகவே இதைப் பொருத்தியவர் ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நாடித்துடிப்பு தெரியாமலே இருக்கலாம். ஆனால் அவர் உங்களுடன் பேசிக்கொண்டிருப்பார்.

குறைகளும் உள்ளன. பம்பிக்கு மின் வேண்டும். வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும் ஒரு வயர், இடுப்பில் கட்டிய பற்றரியுடன் இணைகிறது. வயர் வெளிவரும் இடத்தில் கிருமித்தொற்று ஏற்படலாம். பம்பிக்குள் குருதி உறையாமல் இருக்க நாள்தோறும் மருந்து எடுக்க வேண்டும். 2022இல் நம் நாட்டில் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அப்படிப்பட்ட நாட்களில் பற்றரியை எப்படி மின்னேற்றுவது? விலையும் மிக அதிகம். மற்றொன்று, இது இடது பக்கத்துக்கு மட்டுமே உதவும். வலது இதயவறையும் நலிந்துவிட்டால், சுவாசப்பைக்குக் குருதி சரியாகப் போகாது. இடது பக்கத்துப் பம்பிக்கு இழுப்பதற்குக் குருதி வந்து சேராது. இதனாற்றான் பல நோயாளிகளுக்கு இப்பம்பி ஒரு தற்காலிக ஏற்பாடாகப் பொருத்தப்படுகிறது. மாற்று இதயம் கிடைக்கும்வரை ஆளை உயிருடன் வைத்திருப்பது அதன் வேலை. மருத்துவர்கள் இதைப் பாலம் என்றே குறிப்பிடுவர்.

பாலத்தின் மறுகரைக்கு வருவோம். 1967 டிசம்பர் 3ஆம் திகதி தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் கிறிஸ்டியன் பார்னார்ட் முதலாவது மனித இதய மாற்றுச் சத்திரசிகிச்சையைச் செய்தார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். மூன்று மாதம் முடிவதற்குள், 1968 பெப்ரவரி 16இல், பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் பி. கே. சென் இந்தியாவின் முதலாவது முயற்சியைச் செய்தார். அவரது நோயாளி சில மணி நேரத்தில் இறந்தார். சென் பல காலம் ஆய்வுகூடத்தில் விலங்குகளில் பயிற்சி செய்தவர். கைத்திறன் குறைவு என்று அவரைப் பற்றி எழுதிவிடாதீர்கள். அக்காலத்தில் உலகெங்கும் இதே நிலைதான். தைத்துப் பொருத்த முடிந்தது, ஆனால் உடலின் நிர்ப்பீடனத் தொகுதி புதிய இதயத்தை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கியது. நோர்வேயில் எடுத்த மண்ணில் இருந்த ஒரு பங்கசிலிருந்து கிடைத்த சைக்குளோஸ்போரின் என்னும் மருந்து 1980களில் பாவனைக்கு வந்த பின்னரே இந்தச் சிகிச்சை நிலைபெற்றது.

மருந்து வந்தும் இந்தியா 1994வரை காத்திருக்க நேர்ந்தது. ஏன்? என் கொட்டாஞ்சேனை வகுப்பில் ஒரு மாணவி இதற்கான விடையைக் கேள்வியாகவே கேட்டாள். "இதயம் துடிச்சுக்கொண்டிருக்கேக்க எடுத்தால் அது கொலைதானே சேர்?" நான் கலைப் பட்டதாரி. என்றாலும் இந்தக் கேள்வி விஞ்ஞானத்துக்கு மட்டும் உரியதல்ல, சட்டத்துக்கும் உரியது. இதயத் துடிப்பு மூளையின் கட்டளையால் தொடங்குவதில்லை. இதயத்திலேயே உள்ள சிறப்பான இழையம் ஒன்று அதைத் தொடக்குகிறது. எனவே மூளை முற்றாக, மீளாதவாறு இறந்த பின்னரும், செயற்கைச் சுவாசக் கருவி ஒட்சிசனை வழங்கும்வரை இதயம் சிறிது காலம் துடிக்கும். இந்நிலையே மூளைச்சாவு. இதை மரணமாக ஏற்கும் சட்டத்தை இந்தியா 1994இல் நிறைவேற்றியது. அதே ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி டில்லியில் பி. வேணுகோபால் நாட்டின் முதலாவது வெற்றிகரமான இதய மாற்றைச் செய்தார்.

சட்டம் இருந்தும் மக்கள் மனம் உடனே மாறவில்லை. சென்னையில் அந்த மாற்றம் வந்தது 2008 செப்டெம்பரில். வீதி விபத்தில் மூளைச்சாவடைந்த 15 வயது மாணவன் ஒருவனின் பெற்றோர், இருவரும் வைத்தியர்கள், அவனது அங்கங்களைத் தானம் செய்தனர். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேரில் இருந்த கே. எம். செரியனின் மருத்துவமனைக்கு இதயம் 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. பொலிசார் பாதையைத் திறந்துவிட்டிருந்தனர். 'சென்னையில் ஒரு நாள்' திரைப்படம் பார்த்தவர்களுக்கு இக்காட்சி புதிதல்ல. இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. உடலை விட்டு வெளியே எடுத்த இதயம் பொதுவாக நான்கு மணி நேரமே தாங்கும். மாலை ஐந்து மணிக்கு காலி வீதியில் பஸ்ஸில் போனவர்கள் மிச்சத்தை ஊகித்துக்கொள்ளுங்கள்.

பம்பியும் மாற்று இதயமும் ஒரே நோயாளியில் சந்தித்த கதையும் சென்னையிலேயே உண்டு. கராச்சியைச் சேர்ந்த ஒரு சிறுமிக்கு 2019இல் அங்கே உதவிப் பம்பி பொருத்தப்பட்டது. ஊர் திரும்பி வாழ்ந்தாள். சில ஆண்டுகளின் பின் இதயத்தின் வலது பக்கமும் தளர்ந்தது. மேலே சொன்ன அதே சிக்கல்தான். 2024 ஜனவரியில் சத்திரசிகிச்சை நிபுணர் கே. ஆர். பாலகிருஷ்ணனின் குழுவினர் அவளுக்கு மாற்று இதயம் பொருத்தினர். அப்போது அவளுக்கு வயது 19. அந்த இதயம் டில்லியிலிருந்து விமானத்தில் வந்தது. செலவை மருத்துவமனையும் ஓர் அறக்கட்டளையும் ஏற்றன. பாகிஸ்தானியப் பெண்ணுக்கு இந்தியரின் இதயம்! ஐந்து வருடம் பம்பி அவளைத் தாங்கியது. ஆனால் அதன் முடிவில் ஒரு குடும்பம் சம்மதித்திராவிட்டால் வைத்தியர்களால் எதுவும் செய்திருக்க முடியாது.

இலங்கையில் முதலாவது இதய மாற்று 2017 ஜூலையில் கண்டி போதனா வைத்தியசாலையில் நடைபெற்றது. மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவதற்கான நமது சட்டம் 1987ஆம் ஆண்டிற்குரியது (48ஆம் இலக்கம்). இடையில் 30 வருடங்கள். கண்தானத்திலோ நாம் முன்னோடிகள். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் பல நாடுகளுக்குக் கண்களை அனுப்பியிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். கண்ணை, இதயம் நின்று சில மணி நேரத்தின் பின்னும் எடுக்கலாம். வீட்டார் அழுது முடிக்க அவகாசம் உண்டு. இதயத்துக்கு அப்படியல்ல. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில், நெஞ்சு ஏறி இறங்கும்போதே, உடல் சூடாக இருக்கும்போதே, தாயிடம் சம்மதம் கேட்கிறார்கள்.

பரீட்சையில் இது பற்றி எழுதும்போது மூளைச்சாவையும் கோமாவையும் ஒன்றென எழுதிவிடாதீர்கள். கோமாவில் உள்ளவரின் மூளை உயிருடன் இருக்கிறது, அவர் கண்விழிக்கவும் கூடும். மூளைச்சாவு அடைந்தவர் கண்விழிப்பதில்லை. அந்தத் தாய்க்கு வைத்தியர் முதலில் விளக்க வேண்டியதும் இதைத்தான்.