கருவுற்ற காலச் சுற்றுலா

கருவுற்ற காலச் சுற்றுலா என்பது குழந்தைப் பேற்றை எதிர்நோக்கும் கணவனும் மனைவியும் பேறுகாலத்திற்கு முன் மேற்கொள்ளும் சிறு இன்பப் பயணம் ஆகும். சில வேளைகளில் இது திருமண நாளையொட்டி, இரண்டு அல்லது மூன்று நாட்கள் ஒரு நகரில் தங்கிக் கோயில்களையும் காட்சியிடங்களையும் கண்டு திரும்புவதாக அமைகிறது. தமிழ்நாட்டில் மதுரை, தஞ்சாவூர், கொடைக்கானல், மாமல்லபுரம் முதலிய ஊர்கள் இத்தகைய பயணங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. சிக்கல் இல்லாத கருவுற்ற நிலையில் இப்பயணம் பொதுவாகத் தீங்கற்றது. எனினும் திருமண நாள் நாட்காட்டியில் நிலையானது. கருவின் வாரமோ ஒவ்வொருவருக்கும் வேறானது. இவ்விரண்டும் பொருந்தாதபோது நாளைத் தள்ளிவைத்து வாரத்தைப் பின்பற்றுவதே பாதுகாப்பானது.

பெயர்

ஆங்கிலத்தில் இப்பயணம் 'பேபிமூன்' எனப்படுகிறது. தேனிலவைக் குறிக்கும் 'ஹனிமூன்' என்ற சொல்லைப் பின்பற்றி இது உருவானது. பிரித்தானிய மகப்பேற்றுக் கல்வியாளரும் எழுத்தாளருமான ஷீலா கிட்சிங்கர் 1990களில் இச்சொல்லைப் பயன்படுத்தியபோது, குழந்தை பிறந்த பின் பெற்றோர் குழந்தையுடன் தனித்திருக்கும் நாட்களையே அது குறித்தது. பின்னர் சுற்றுலாத் துறையினரால் பேற்றுக்கு முந்தைய பயணம் என்ற பொருளில் பரவலாயிற்று. தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் இல்லை. பேச்சுவழக்கில் பேபிமூன் என்றே வழங்குகின்றனர்.

மேலைநாடுகளில் இத்தகைய பயணத்துடன் பிறக்கவிருக்கும் குழந்தையின் பாலினத்தை அறிவிக்கும் விழாவும் சில வேளைகளில் சேர்ந்துவிடுகிறது. இந்தியாவில் கருவின் பாலினத்தைக் கண்டறிந்து தெரிவிப்பது 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளதால் இவ்வழக்கத்திற்கு இங்கு இடமில்லை.

தமிழர் வழக்கில் திருமண நாள்

ஆண்டுதோறும் திருமண நாளைக் கொண்டாடுவது தமிழ்க் குடும்பங்களில் அண்மைக்கால வழக்கமாகும். மரபில் மணவாழ்வைக் கொண்டாடும் சடங்குகள் திருமணத்தின் ஆண்டுகளை எண்ணுவதில்லை. கணவனின் அகவையை எண்ணுகின்றன. அறுபது ஆண்டுகள் நிறைவில் செய்யும் மணிவிழாவும் எண்பதையொட்டிச் செய்யும் சதாபிசேகமும் இவ்வகையின. இவற்றைச் செய்ய மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள திருக்கடையூருக்குப் பலர் செல்கின்றனர்.

ஆண்டுதோறும் நிகழும் திருமண விழாவாக மரபில் காணப்படுவது தெய்வத் திருமணமே. மதுரையில் சித்திரைத் திருவிழாவின்போது மீனாட்சி திருக்கல்யாணம் நடைபெறுகிறது. அன்று மணமான பெண்கள் பலர் தங்கள் தாலிக் கயிற்றைப் புதிதாக மாற்றிக்கொள்கின்றனர். இதை மதுரை மக்கள் அனைவருக்கும் பொதுவான திருமண நாள் எனலாம்.

மரபுவழிப் பயணங்கள்

கருவுற்ற பெண் பயணம் செய்வது தமிழர்க்குப் புதிதன்று. ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தி, பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்வது பரவலான வழக்கம். ஆனால் இதற்கும் இக்காலச் சுற்றுலாவிற்கும் வேறுபாடு உண்டு. தாய்வீட்டுப் பயணம் கருக்காலத்தின் பிற்பகுதியில் நிகழ்கிறது. பேறு நடக்கும் இடத்தில் சென்று முடிகிறது. சுற்றுலாவோ மீண்டும் திரும்பி வரவேண்டிய பயணம். எனவே ஒன்பதாம் மாதத்தில் தாய்வீட்டிற்குச் செல்லலாம் என்பதால் அம்மாதத்தில் சுற்றுலாவும் செல்லலாம் எனக் கொள்ள இயலாது.

பயணம் தடைப்படுவதால் நேரும் இடர் குறித்த கதையொன்று திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கோயில் தலபுராணத்தில் உள்ளது. பேறுகாலத்தில் மகளுக்கு உதவ வந்த தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் தங்க நேர்ந்தது. அப்போது இறைவனே தாயின் உருவில் வந்து மகப்பேறு பார்த்ததாக அக்கதை கூறுகிறது. பேறுகாலத்தில் உதவி எட்டும் தொலைவில் இருக்கவேண்டும் என்ற கவலை இதில் வெளிப்படுகிறது. தஞ்சாவூர் மாவட்டம் திருக்கருகாவூரில் உள்ள கர்ப்பரட்சாம்பிகை சன்னதிக்குக் கருவுற்ற பெண்கள் சென்று வழிபடுவதும் நெடுநாளைய வழக்கம்.

மனைவி கருவுற்றிருக்கையில் கணவன் மலையேறக் கூடாது, கடலில் நீராடக் கூடாது, கிரகணத்தின்போது கருவுற்றவள் வெளியே வரக் கூடாது என்பன போன்ற நம்பிக்கைகளும் உள்ளன. இவற்றுக்கு மருத்துவ அடிப்படை இல்லை.

பயணத்திற்கு உகந்த காலம்

கருக்காலம் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 40 வாரங்களாகக் கணக்கிடப்படுகிறது. இதில் 14 முதல் 28 வாரங்கள் வரையிலான இடைக்காலமே பயணத்திற்கு ஏற்றதென அமெரிக்க மகப்பேறு மற்றும் பெண்ணோயியல் மருத்துவர் கல்லூரி குறிப்பிடுகிறது. இதற்கான காரணங்கள் வருமாறு:

- முதல் மூன்று மாதங்களில் வாந்தி, குமட்டல், களைப்பு ஆகியன மிகுதி. இடைக்காலத்தில் இவை பெரும்பாலும் தணிந்துவிடும்.
- கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் 13 வாரங்களுக்குள் நிகழ்பவை. அவை வெளியூரில் நேர்ந்தால் உதவி பெறுவது கடினம்.
- 28 வாரங்களுக்குப் பின் நடப்பதும் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதும் கடினமாகும். குறைமாதப் பேற்றுக்கான வாய்ப்பையும் கருத்தில் கொள்ளவேண்டும்.

கருவின் உறுப்பு வளர்ச்சியை அறியும் மீயொலிச் சோதனை வழக்கமாக 18 முதல் 20 வாரங்களில் செய்யப்படுகிறது. அதன் முடிவை அறிந்தபின் புறப்படுவது மன அமைதிக்கும் உதவும்.

குருதிப்போக்கு, மிகு குருதி அழுத்தம், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருத்தல், கருப்பை வாய்த் தளர்ச்சி, இரட்டைக் கரு, முன்னர்க் குறைமாதப் பேறு நேர்ந்திருத்தல் ஆகிய நிலைகளில் உள்ளோர் இடைக்காலத்திலும் மருத்துவரின் ஒப்புதலின்றிப் பயணம் செய்யலாகாது.

நாளும் வாரமும்

தமிழ்நாட்டில் ஆடி, மார்கழி மாதங்களில் பொதுவாகத் திருமணங்கள் நடப்பதில்லை. தை, வைகாசி, ஆவணி முதலிய மாதங்களில் மிகுதியாக நடக்கின்றன. எனவே திருமண நாட்களும் இம்மாதங்களிலேயே குவிகின்றன. தை மாதத்தில், பிப்ரவரி 1 அன்று திருமண நாள் வரும் மூன்று பெண்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

- கடைசி மாதவிலக்கு செப்டம்பர் 20 எனில், திருமண நாளன்று 19 வாரங்கள் நிறைந்திருக்கும். நாளும் வாரமும் பொருந்துகின்றன.
- கடைசி மாதவிலக்கு ஜூன் 15 எனில், அன்று 33 வாரங்கள் ஆகியிருக்கும். பயணத்தை முன்னதாகவே முடித்திருக்க வேண்டும். உகந்த காலம் செப்டம்பர் 21 முதல் டிசம்பர் 28 வரை. அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழை மிகுந்த மாதங்கள் என்பதால் டிசம்பர் நடுப்பகுதி ஏற்றது.
- கடைசி மாதவிலக்கு டிசம்பர் 15 எனில், அன்று ஏழு வாரங்கள்கூட நிறைந்திரா. மார்ச் 23 வரை காத்திருக்கலாம். அதன்பின் கோடை முற்றுவதால் மார்ச் இறுதியே பொருத்தமானது.

இவ்வாறு மூவருக்கும் ஒரே திருமண நாளாயினும் பயண நாள் வெவ்வேறாகிறது.

பயண வழிகள்

நெடுநேரம் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்பதால் கால் சிரைகளில் குருதி உறையும் இடர் கருவுற்ற பெண்களுக்குக் கூடுதலாக உள்ளது. எவ்வகை ஊர்தியாயினும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையாவது எழுந்து சிறிது நடப்பதும், அமர்ந்தபடியே கணுக்காலை அசைப்பதும், போதிய நீர் பருகுவதும் தேவை.

தொடர்வண்டி: கழிவறை இருப்பதாலும் எழுந்து நடக்க இயல்வதாலும் நெடுந்தொலைவிற்கு இதுவே வசதியானது. இந்திய இரயில்வே கருவுற்ற பெண்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு வைத்துள்ளது. சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்கு 1977 முதல் ஓடும் வைகை விரைவு வண்டியும் 2019இல் தொடங்கிய தேஜஸ் விரைவு வண்டியும் பகலில் செல்பவை.

மகிழுந்து: இருக்கைப் பட்டையைத் தவிர்க்கக் கூடாது. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பின் மீதும், தோள்பட்டை மார்புக்கு நடுவிலும் வயிற்றின் பக்கவாட்டிலும் செல்லவேண்டும். வயிற்றின் மேல் பட்டை படியக் கூடாது.

பேருந்து: பின் சக்கரத்திற்கு மேலுள்ள இருக்கைகளில் குலுக்கல் மிகுதி. நடுப்பகுதி இருக்கைகள் ஏற்றவை. இடைநில்லாப் பேருந்தைவிட, வழியில் நிற்கும் பேருந்தே கழிவறை வசதிக்கு உகந்தது.

வானூர்தி: இந்தியாவில் பல நிறுவனங்கள் 32 வாரங்களுக்குப் பின் மருத்துவச் சான்றிதழ் கேட்கின்றன, 36 வாரங்களுக்குப் பின் பொதுவாக ஏற்றுவதில்லை. விதிகள் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும் என்பதால் பயணச் சீட்டு பெறும்முன் கேட்டறிய வேண்டும்.

மதுரை: ஓர் எடுத்துக்காட்டு

வெளியூரிலிருந்து பேருந்தில் வருவோர் பெரும்பாலும் இறங்குமிடம் மாட்டுத்தாவணி. முன்பு மாட்டுச் சந்தை கூடிய இடமாதலால் இப்பெயர் வந்தது. இங்குள்ள எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் 1999இல் திறக்கப்பட்டது. சென்னை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், திருநெல்வேலி முதலிய ஊர்களின் பேருந்துகள் இங்கு வருகின்றன. தேனி, திண்டுக்கல், கோயம்புத்தூர் வழிப் பேருந்துகளுக்கு ஆரப்பாளையம் நிலையமும், நகரப் பேருந்துகளுக்குப் பெரியார் நிலையமும் உள்ளன. மாட்டுத்தாவணி நகரின் வடகிழக்கிலும் ஆரப்பாளையம் மேற்கிலும் இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறவேண்டிய பயணத்தில் நகர நெரிசலைக் கடக்க நேரும். அதற்கான நேரத்தையும் களைப்பையும் கணக்கில் கொள்ளவேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை எனினும், காலையிலும் மாலையிலும் நின்றபடி செல்ல நேரிடலாம் என்பதால் தானியே ஏற்றது.

தொடர்வண்டி நிலையம் மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து நடக்கும் தொலைவில் உள்ளது. கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் ஊர்திகள் விடப்படுவதில்லை. காலணியை வெளியே விடவேண்டும் என்பதால் நண்பகலில் கருங்கல் தளம் காலைச் சுடும். நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலையில் மீண்டும் திறக்கப்படும். எனவே விடியற்காலையோ மாலையோ செல்வது நன்று. கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுசெல்ல 2018 முதல் தடை உள்ளது. கூட்டத்தில் ஒருவரையொருவர் பிரிய நேர்ந்தால் சந்திக்கும் இடத்தை, பொற்றாமரைக் குளத்தின் ஒரு படிக்கரை என்பதுபோல, முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

சித்திரைத் திருவிழா நாட்களைக் கருவுற்றோர் தவிர்ப்பதே நல்லது. 2022 ஏப்ரலில் கள்ளழகர் வைகையில் எழுந்தருளியபோது நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். வெயிலும் அப்போது உச்சத்தில் இருக்கும். கோடையில் மதுரையின் வெப்பநிலை 40 பாகை செல்சியசை ஒட்டி உயர்வதுண்டு.

1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் அரண்மனை, 1959இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகம், 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம், அதே ஆண்டு திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் ஆகியன நிழலில் மெல்ல நடந்து காணத்தக்கவை. ஒரு நாளைக்கு இரண்டு இடங்கள் போதுமானவை. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரம் பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. மலைப்பாதை வளைவுகளால் வரும் வாந்தியே அங்குப் பெருந்தொல்லை.

உணவும் நீரும்

பயணத்தில் வரும் வயிற்றுப்போக்கும் நீரிழப்பும் கருவுற்றவர்களுக்குக் கூடுதல் கேடு தரும். காய்ச்சிய நீரைப் பருகுவதும், சூடான உணவை உண்பதும், வெட்டிவைத்த பழங்களைத் தவிர்ப்பதும் வேண்டும். மதுரைக்குப் பேர்பெற்ற ஜிகர்தண்டாவில் பால் காய்ச்சப்பட்டதா, பனிக்கட்டி தூய்மையானதா என்பதைப் பார்க்கவேண்டும். கருக்கால நீரிழிவு உள்ளோர்க்கு அதன் சர்க்கரை ஒவ்வாது. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளைப் பயணத்திலும் நிறுத்தக் கூடாது.

எச்சரிக்கை அறிகுறிகள்

பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினாலும் பயணத்தைத் தொடராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்:

- குருதிப்போக்கு அல்லது நீர்க்குடம் உடைதல்
- விட்டுவிட்டு வரும் அடிவயிற்று வலி
- கடுந்தலைவலி, பார்வை மங்குதல், முகம் அல்லது கைகளில் திடீர் வீக்கம்
- ஒரு காலில் மட்டும் வலியுடன் வீக்கம், மூச்சுத்திணறல்
- குழந்தையின் அசைவு குறைதல்

ஆவணங்களும் அவசர உதவியும்

தாய்சேய் நல அட்டை, கடைசி மீயொலிச் சோதனை அறிக்கை, குருதி வகைக் குறிப்பு, மாத்திரைச் சீட்டு ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லவேண்டும். தமிழ்நாட்டில் கருவுற்றதைப் பதிவு செய்து பெறும் 'பிக்மி' எண்ணையும் குறித்துவைத்திருப்பது நன்று. அறிமுகமற்ற மருத்துவருக்கு இவ்வாவணங்களே பெண்ணின் வரலாற்றைச் சொல்பவை. கணவனின் கைப்பேசியில் இவற்றின் படங்கள் இருப்பதும் பயன்தரும்.

தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 அவசர ஊர்திச் சேவை கட்டணமற்றது. மதுரை நகரில் அரசு இராசாசி மருத்துவமனை மகப்பேற்று அவசர சிகிச்சை அளிக்கிறது. தங்குமிடத்திலிருந்து மருத்துவமனைக்கு ஆகும் நேரத்தை முன்பே அறிந்திருப்பது, தங்குமிடத்தின் மற்ற வசதிகளைவிட முதன்மையானது.

சமூக நோக்கு

பயணத்திற்குப் பின் கருச்சிதைவு நேர்ந்தால், "அலைந்ததால்தான் இப்படி ஆயிற்று" எனப் பெண்ணைக் குறைகூறும் போக்கு குடும்பங்களில் காணப்படுகிறது. முதல் மாதங்களின் கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை கருவின் நிறப்புரிக் குறைபாட்டால் நிகழ்பவை. பேருந்தின் வழக்கமான குலுக்கலோ இயல்பான நடையோ அவற்றுக்குக் காரணமல்ல. இதைக் குடும்பத்தார் புறப்படும் முன்பே அறிந்திருப்பது, இழப்பு நேரும் சூழலில் பெண் தேவையற்ற பழியைச் சுமக்காதிருக்க உதவும்.

வளைகாப்பு உற்றார் உறவினர் கூடி நடத்தும் விழா. பேற்றுக்குப் பின் பெண் சில மாதங்கள் தாய்வீட்டில் இருப்பதும் உண்டு. இவ்விரண்டுக்கும் முன் கணவனும் மனைவியும் இருவராக மட்டும் கழிக்கும் சில நாட்களை இச்சுற்றுலா தருகிறது. நெடும்பயணம் கூடாதென மருத்துவர் கூறும் நிலையில், உள்ளூரில் ஒரு மாலைப் பொழுதும் இந்நோக்கத்தை நிறைவு செய்யும்.