பெட்டியில் அச்சிடாத வேகம்

சென்னை ரிச்சி தெருவுக்கு, சொந்தமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் பிராசஸரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் பல நாள் யோசித்து முடிவு செய்துவிட்டுத்தான் போவார்கள். தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யை மட்டும் கடைக்காரரிடம் விட்டுவிடுவார்கள். அவர் மூன்று பெட்டிகளை எடுத்து வைப்பார். ஒன்றில் விநாடிக்கு 550 எம்.பி., அடுத்ததில் 7,000, இன்னொன்றில் 14,000 என்றிருக்கும். எண் ஏற ஏற விலையும் ஏறும். பணத்தை எடுப்பதற்கு முன், அந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை அரிசி கேட்டால், கடைப் பையன் உள்ளே போய் ஒரே நடையில் தூக்கி வந்துவிடுவான். சீட்டில் ஐம்பது சில்லறைச் சாமான் இருந்தால் ஐம்பது தடவை போய்வர வேண்டும். அங்கே தோள் பலத்தால் பயனில்லை. நடை வேகம்தான் காரியம். பெட்டியில் அச்சிட்டிருப்பது மூட்டை தூக்கும் வேகம். கம்ப்யூட்டர் பூட் ஆகும்போதும் பிரவுசர் திறக்கும்போதும் நடப்பதோ பெரும்பாலும் சில்லறை வியாபாரம். 4 கே.பி. அளவுள்ள சின்னத் துண்டுகள், ஆயிரக்கணக்கில், இங்கொன்றும் அங்கொன்றுமாக.

பழைய ஹார்ட் டிஸ்க் இந்த இடத்தில்தான் திணறியது. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டில், வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று ஆகும்: 4 மில்லி விநாடி. முனையைத் தாங்கும் கை நகர இன்னொரு 8 மில்லி விநாடி. கணக்குப் போட்டால், விநாடிக்குச் சுமார் 80 துண்டுகள்தான் தேறும். எஸ்.எஸ்.டி.யில் நகரும் உறுப்பே இல்லை. ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லி விநாடி அளவே ஆகிறது. நூறு மடங்குக்கு மேற்பட்ட இந்தத் தாவல்தான், பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி. போட்டவுடன் புத்துயிர் தருவது.

அடுத்த தாவல்கள் அவ்வளவு பெரியவை அல்ல. 550 என்பது சாட்டா இணைப்பின் எல்லை. ஹார்ட் டிஸ்க் காலத்து நடைமுறைப்படி அதில் ஒரே வரிசை. அதில் 32 கட்டளைகள்தான் நிற்கலாம். எஸ்.எஸ்.டி.யின் ஃபிளாஷ் நினைவகத்துக்கென்றே 2011இல் வந்த என்விஎம்இ நடைமுறை, 65,000க்கும் மேற்பட்ட வரிசைகளை அனுமதிக்கிறது. ஆனால் சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டால், சாட்டா எஸ்.எஸ்.டி. விநாடிக்கு 30, 40 எம்.பி. தரும், நல்ல என்விஎம்இ 60 முதல் 90 வரை தரும். பெட்டியில் பதின்மூன்று மடங்காகத் தெரிந்த வித்தியாசம் இங்கே இரண்டு மடங்காகச் சுருங்கிவிடுகிறது. 7,000க்கும் 14,000க்கும் நடுவில் அன்றாட வேலையில் கை உணரும் வேறுபாடு மிகக் குறைவு. பெரிய வீடியோக் கோப்புகளை நாள் முழுவதும் நகர்த்துகிறவர்களுக்கே அது பலன் தரும்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? உள்ளே இருக்கும் சிப்பைப் பார்த்து. தோஷிபாவில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகாவும் அவருடைய குழுவும் 1987இல் அறிவித்த நேண்ட் ஃபிளாஷ், மின்கடத்தாச் சுவருக்குள் எலெக்ட்ரான்களை அடைத்துத் தரவைக் காக்கிறது. ஒரு செல்லில் 3 பிட் வைத்தால் டிஎல்சி. அதற்கு 8 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். 4 பிட் வைத்தால் க்யூஎல்சி; 16 நிலைகள். நிலைகள் நெருங்க நெருங்க எழுதுவது மெதுவாகும், ஆயுளும் குறையும். இதை மறைக்க, செல்லுக்கு 1 பிட் மட்டும் எழுதும் வேகப் பகுதி ஒன்றை டிரைவ் ஒதுக்கிக்கொள்கிறது. அது நிரம்பும்வரை எல்லாமே வேகம். நிரம்பிய பிறகு சில க்யூஎல்சி டிரைவ்கள் ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாக எழுதுகின்றன. ஆகவே டிஎல்சி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

மதர்போர்டின் கையேட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் கொண்ட எம்.2 அட்டைகளில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில், 7,000 என்று அச்சிட்ட நான்காம் தலைமுறை டிரைவ் வேலை செய்யும், ஆனால் விநாடிக்கு 3,500 எம்.பி.யைச் சுற்றியே நின்றுவிடும். சூடேறினால் டிரைவ் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், போர்டோடு வரும் ஹீட்சிங்க்கைக் கட்டாயம் மாட்டுங்கள்.

தேய்ந்துபோகுமே என்று அஞ்ச வேண்டாம். 1 டி.பி. டிஎல்சி டிரைவ்கள் பலவற்றுக்கு 600 டி.பி. எழுதும் அளவுக்கு உத்தரவாதம் தருகிறார்கள். தினம் 50 ஜி.பி. எழுதினாலும் அதை எட்ட முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும்.

கவலைப்பட வேண்டியது வேறு. அடைத்து வைத்த எலெக்ட்ரான்கள் மெல்லக் கசியும். வெப்பத்தில் இன்னும் விரைவாகக் கசியும். ஆயுள் தீருமளவு எழுதப்பட்ட டிரைவ், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே துறையின் தர அளவுகோல். நம் ஊர் அலமாரி கோடையில் 30 டிகிரியில் நிற்பதில்லை. ஆக மொத்தத்தில், நான்காம் தலைமுறை டிஎல்சி டிரைவ் ஒன்றை 1 டி.பி. அளவில் வாங்குங்கள். 14,000 எண்ணுக்குக் கொடுக்க இருந்த மிச்சப் பணத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, குழந்தைகளின் படங்களை அதில் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். வேகத்தில் அது தோற்றது. இந்த வேலைக்கு அதுவே போதும்.